தாரும் துருவும்: பழைய வண்டிப் பாகங்கள் கேள்வி பதில்

தங்கச்சிமடம்: அண்ணே, பழைய ஜீப் சேஸிஸ்ல யாரோ வள்ளத்துக்கு அடிக்கிற தாரைப் பூசி வச்சிருக்காங்க. சுரண்டினா பிசுபிசுன்னு பிளேடுல ஒட்டுது.

வெயில் ஏறிய பிறகு சுரண்டுகிறீர்கள், தம்பி. விடியற்காலை இரும்பு குளிர்ந்து கிடக்கும்போது மழுங்கிய உளியை வைத்துத் தட்டுங்கள், சில்லுச் சில்லாகப் பெயரும். பத்து மணிக்கு மேல் அதே தார் ஜவ்வு. மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் (கிடைக்காவிட்டால் டீசல்) நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் கட்டி இரண்டு மணி நேரம் விடுங்கள். மூடாமல் விட்டால் நம்மூர்க் காற்றில் துணிதான் காயும். பெட்ரோலும் வேண்டாம், தீ அடிக்கும் டார்ச்சும் வேண்டாம்.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க, தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, அதன்மேல் துரு எடுக்கும் எந்தக் கரைசலும் இரும்பைத் தொடாது.

மண்டபம்: வயர் பிரஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கி ரெட் ஆக்சைடு அடிச்சேன். மூணே மாசத்துல கொப்புளம். பெயிண்ட் மோசமா?

பெயிண்ட்மேல் பழி போடாதீர்கள். துருக்குழிக்குள் உப்பு உட்கார்ந்திருக்கிறது. வயர் பிரஷ் குழியின் மேல்வாயைத்தான் மினுக்கும், அடியைத் தொடாது. அந்த உப்பு பெயிண்ட் வழியாக ஈரத்தை உறிஞ்சும், அதுதான் கொப்புளம்.

துருவில் கை வைக்கும் முன் நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவ வேண்டும், துரு எடுத்த பின் மறுபடியும். போர் தண்ணீர் உவராக இருந்தால் அது கழுவுவதல்ல, உப்பு ஏற்றுவது. கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோ எடுங்கள். சந்தேகம் இருந்தால் லேசாக நல்ல தண்ணீர் தெளித்துச் சில மணி நேரம் விடுங்கள். குழிகளின் வாயில் மட்டும் முந்திக்கொண்டு கருஞ்சிவப்புப் புள்ளி கிளம்பினால் உப்பு பாக்கி.

தொண்டி: துரு எடுக்க எலுமிச்சை உப்பா, பாத்ரூம் ஆசிட்டா?

எலுமிச்சை உப்புதான் (சிட்ரிக் ஆசிட்). பாத்ரூம் கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். துருவை வேகமாகத் தின்னும், போகும்போது குளோரைடை விட்டுப்போகும். மேலே மண்டபத்துக்காரருக்கு வந்த நோய் உங்களுக்கும் வரும். அதன் ஆவி பட்டறையில் மாட்டியிருக்கும் ஸ்பேனரையும் துருவேற்றும்.

அளவு: 10 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 800 கிராம், பிளாஸ்டிக் வாளியில். பாகம் முழுக்க மூழ்க வேண்டும். பாதி வெளியே நின்றால் தண்ணீர்க்கோட்டில் அரிப்பு விழும். நான்கிலிருந்து எட்டு மணி நேரம், மெல்லிய தகடாக இருந்தால் மணிக்கொருதரம் எடுத்துப் பாருங்கள். கருப்பு மசி படியும். தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். பிறகு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் அலசல், உடனே துடைத்து வெயிலில். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

பட்டை ஸ்பிரிங், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த உறுதி கூடிய போல்ட் இவற்றை மட்டும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே ஏறி, சுமை விழும்போது படீரென்று விரிசல் விடலாம். அவற்றுக்கு வயர் பிரஷ்தான்.

கீழக்கரை: பேட்டரி சார்ஜர் வச்சுத் துரு எடுக்கலாமாமே?

எடுக்கலாம், நல்ல இரும்பு துளியும் தேயாது. 10 லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. பாகத்துக்கு நெகட்டிவ், எதிரே நிற்கும் வேண்டாத இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் பாகம்! தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, விஷக் குரோமியம் கரைசலில் இறங்கும். கறி உப்பும் போடக் கூடாது, குளோரின் வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், கிளம்புவது ஹைட்ரஜன். ஸ்பிரிங்குக்கு இதுவும் ஆகாது.

சாயல்குடி: கார்புரேட்டர்?

அது துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. மேலே சொன்ன எதுவும் வேண்டாம், காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் நைலான் பிரஷும் போதும்.

தேவிபட்டினம்: பிரேக் டிரம்ல தார் தெறிச்சிருக்கு. மண்ணெண்ணெய் போடலாமா?

டிரம்மைத் தனியாகக் கழற்றி, வெளிப்பக்கம் மட்டும். லைனிங்கில் பட்டால் பிரேக் வழுக்கும், வீல் சிலிண்டர் ரப்பரில் பட்டால் உப்பிவிடும். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம், ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பாம்பன்: மீன் லோடு அடிக்கிற வண்டிங்கண்ணே. துரு எடுத்த சேஸிஸை எத்தனை நாள் சும்மா விடலாம்?

நாளா? மத்தியானம் காய்ந்தால் சாயங்காலத்துக்குள் பிரைமர் ஏறியிருக்க வேண்டும். வாடைக் காற்று மாசத்தில் ஒரு ராத்திரி போதும், மஞ்சள் பூத்துவிடும். ரெட் ஆக்சைடு மட்டும் ஈரத்தைத் தடுக்காது. எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே பெயிண்ட். உங்கள் வண்டியில் ஐஸ் தண்ணீர் ஒழுகி சேஸிஸ் பெட்டிக்குள் தேங்கும். அடியில் உள்ள வடிதுளைகளைக் கம்பி விட்டுத் திறந்து, லோடு இறக்கியதும் தினமும் உள்ளே நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள்.