இரண்டு கோடி பில்களில் இன்றைய பில்லை மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் மொத்த ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8. பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு 20 கிளைகள். பில் டேபிளில் இப்போது இரண்டு கோடி பதிவுகள். ஒரு கிளையில் இன்று பாக்கி நிற்கும் பில்களைக் காட்டும் திரை முன்பு உடனே வரும், இப்போது 40 விநாடி ஆகிறது. கிளை எண், நிலை, பில் நேரம், போன் நம்பர் என்று தேடுகிற ஃபீல்டுகளுக்கெல்லாம் தனித்தனியாக இண்டெக்ஸ் போட்டோம். மொத்தம் 11 ஆகிவிட்டது. திரை வேகமாகவில்லை, பில் போடுவதுதான் மெதுவாகிவிட்டது. போன் நம்பரை வைத்துத் தேடினாலும் அதே தாமதம். பெரிய சர்வர் வாங்கச் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்குச் சர்வர் வாங்கச் சொல்லாதீர்கள். நீங்கள் இணைத்திருந்த குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, பார்த்தேன். கிளை எண் 14 என்கிறது, நிலை பாக்கி என்கிறது. பில் நேரத்தை, அதில் இருந்து தேதியை மட்டும் பிரித்துத் தரும் டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய தேதியோடு ஒப்பிடுகிறது. கடைசியில், புதியது முதலில் என்று அடுக்கி 50 பில் கேட்கிறது. அந்த 40 விநாடியும் எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பெயர் முதலில். ஆயிரம் பேர் எழுதிய நோட்டில், அடுத்த வருடம் ஒரு வீட்டில் இருந்து பத்திரிகை வரும்போது, அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று பார்க்க முதல் பக்கத்தில் இருந்து புரட்டத்தான் வேண்டும். அதனால் விவரமான வீடுகளில் இன்னொரு நோட்டு இருக்கும்: ஊர் வாரியாக, ஊருக்குள் பெயர் வாரியாக, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு. அந்த இரண்டாவது நோட்டுதான் இண்டெக்ஸ். வேறு ஒரு வரிசையில் அடுக்கி வைத்த சின்னப் பிரதி. ஊர் தெரிந்தால் அதை வைத்து நொடியில் எடுக்கலாம். பெயர் மட்டும் தெரிந்து ஊர் தெரியாவிட்டால் அந்த நோட்டு உதவாது. முருகேசன் எல்லா ஊரிலும் இருப்பார்.

கணக்கைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி என்ஜின் எல்லாவற்றையும் 16 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு பில் பதிவு 200 பைட் என்று வைத்தால், இரண்டு கோடிக்கு 4 ஜிபி, அதாவது சுமார் இரண்டரை லட்சம் பக்கங்கள். இண்டெக்ஸ் இல்லாத குவெரி அத்தனையையும் படிக்கும். இண்டெக்ஸ் என்பது பி-ட்ரீ, அடுக்கடுக்காக விரியும் மரம்; போயிங் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-வாக்கில் உருவாக்கிய அமைப்பு. இன்றைக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால் கிடைப்பது அதன் ஒரு வடிவம்தான். ஒரு பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான வழிகாட்டிகள் அடங்கிவிடுவதால், இரண்டு கோடிக்கும் மரத்தின் உயரம் மூன்று அடுக்குதான் வரும். இரண்டரை லட்சம் பக்கம் எங்கே, மூன்று பக்கம் எங்கே!

அப்படியானால் உங்கள் 11 இண்டெக்ஸ்கள் ஏன் உதவவில்லை? முதல் குற்றவாளி அந்த டேட் ஃபங்ஷன். பில் நேரம் நேர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்பதோ "இந்த ஃபங்ஷனைப் போட்டால் என்ன விடை வருகிறதோ அது". அந்த விடை எந்த நோட்டிலும் அடுக்கி வைக்கப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவாக எடுத்து, ஃபங்ஷனைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை மாற்றி எழுதுங்கள்: பில் நேரம் இன்று நள்ளிரவு 12 மணிக்குச் சமம் அல்லது அதற்குப் பிறகு, நாளை நள்ளிரவு 12 மணிக்கு முன். விடை அதேதான், ஆனால் இப்போது இது ஒரு வீச்சு. இண்டெக்ஸில் ஒரு இடத்தில் நுழைந்து இன்னொரு இடத்தில் வெளியேறலாம். முடிவை இரவு 11:59:59 என்று எழுதும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. வேண்டாம். நேரத்தை விநாடிக்கும் கீழே பதிகிற டேபிளில் அந்தக் கடைசி விநாடியின் பில் விட்டுப்போகும்.

இரண்டாவது, தனித்தனி இண்டெக்ஸ்கள். கிளை எண்ணுக்கு ஒரு நோட்டு, நிலைக்கு ஒரு நோட்டு, நேரத்துக்கு ஒரு நோட்டு. மைஎஸ்கியூஎல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். சில சமயம் இரண்டை ஒன்றாக வைத்துப் பொதுவானதை எடுக்கும், ஆனால் அதை நம்பி டிசைன் செய்யக்கூடாது. கிளை இண்டெக்ஸை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடியில் 20 கிளை. கிளை 14-க்கு ஏறக்குறைய பத்து லட்சம் பில். இன்னோடிபியில் இந்த இண்டெக்ஸ் கொடுப்பது பில்லின் பிரைமரி கீ, அதாவது அந்தப் பதிவின் தனி அடையாளம், மட்டும். அதை எடுத்துக்கொண்டு மூல டேபிளுக்குப் போய் நிலை என்ன, தேதி என்ன என்று பார்க்க வேண்டும். பத்து லட்சம் தடவை. டேட்டா ரேமில் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் டிஸ்க். இதை விட முழு டேபிளையும் நேராகப் படித்துவிடலாம் என்று, எந்த வழியில் தேடுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசரே சில நேரம் முடிவெடுக்கும். அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஃபீல்டாகப் பார்த்து இண்டெக்ஸ் போடுவதை விட்டுவிடுங்கள். குவெரியை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கேள்விக்கு விடை ஒரே இடத்தில் அடுத்தடுத்து கிடக்க வேண்டும் என்றால் நோட்டை எப்படி அடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். உங்கள் குவெரிக்கு விடை: கிளை வாரியாக, கிளைக்குள் நேர வாரியாக. கிளை எண், பில் நேரம் இரண்டும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ், அதே வரிசையில். கிளை 14-க்குப் போய், இன்றைய நாளின் கடைசிப் பில்லில் நின்று, பின்னோக்கி நடந்தால் போதும். புதியது முதலில் என்ற வரிசையும் தானாக வந்துவிடும், தனியாக அடுக்கும் வேலை இல்லை. 50 கிடைத்ததும் நின்றுவிடும்.

வரிசையைத் திருப்பி, நேரம் முதலில் கிளை அடுத்து என்று போட்டால்? ஒரு நாள் குவெரிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் கேட்டால் 20 கிளைகளின் மாதப் பதிவுகளையும் இண்டெக்ஸில் நடந்து கடக்க வேண்டும், 20-ல் 19 வீண். சமம் என்று கேட்கும் ஃபீல்டு முன்னால், வீச்சாகக் கேட்கும் ஃபீல்டு பின்னால். இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது. அதிக வகை மதிப்புகள் உள்ள ஃபீல்டுதான் முதலில் வர வேண்டும் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அப்படிப் பார்த்தால் நேரம்தான் முதலில் வரும், இங்கே அது தவறான விடை.

நிலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு கிளைக்கு ஒரு நாளில் ஆயிரம் பில்லைத் தாண்டினாலே அதிகம். அதற்குள் பாக்கியை வடிகட்டுவது ஒரு வேலையே இல்லை. அதோடு நிலை மாறிக்கொண்டே இருக்கும் ஃபீல்டு. பாக்கி வசூலானதும் இண்டெக்ஸில் பழைய இடத்தில் எடுத்துப் புதிய இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வசூலுக்கும் இந்தக் கூடுதல் வேலை. ஆனால் "இந்தக் கிளையில் எல்லா நாளுக்குமான பாக்கி" என்று வேறொரு திரை உங்களிடம் இருந்தால் கதை மாறும். பாக்கி பில்கள் எப்போதும் சிறுபான்மைதானே. அதற்குக் கிளை, நிலை, நேரம் என்று தனி இண்டெக்ஸ் வைத்தால் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. நிலைக்கு மூன்றே மதிப்பு, அதனால் இண்டெக்ஸே ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த மதிப்பைத் தேடுகிறீர்கள், அது எத்தனை பதிவுகளில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸில் பாக்கி பில்களுக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தே சின்ன இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி நேரடியாக இல்லை.

அடுத்து போன் நம்பர். இதில் இண்டெக்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, குவெரியில்தான் பிழை. டேபிளில் போன் நம்பர் எழுத்து வகையாக, வார்கேராக இருக்கிறது. உங்கள் புரோகிராம் அதை மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாக அனுப்புகிறது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்கியூஎல் எழுத்தை எண்ணாக மாற்றி ஒப்பிடும். அதாவது இரண்டு கோடி போன் நம்பர்களையும் ஒவ்வொன்றாக மாற்றும். டேட் ஃபங்ஷன் கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது, அவ்வளவுதான். புரோகிராமில் அந்த மதிப்பை ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். ஒரு வரி மாற்றம்.

செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்பதை ஊகிக்காதீர்கள். குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு ஓட்டுங்கள். டேட்டாபேஸ் எந்த வழியில் தேடப்போகிறது என்று அது காட்டும். டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்தால் முழு டேபிளும் படிக்கப்படுகிறது. கீ என்பதில் இண்டெக்ஸ் பெயர், ரோஸ் என்பதில் எத்தனை பதிவு பார்க்க நேரும் என்ற மதிப்பீடு. பலர் கண்டுகொள்ளாமல் விடுவது கீ லென் என்ற எண். கிளை எண் 4 பைட் இன்டிஜர், பில் நேரம் 5 பைட் டேட்டைம், இரண்டும் காலியாக விட முடியாதவை என்றால், புதிய இண்டெக்ஸுக்கு அங்கே 9 என்று வர வேண்டும். 4 என்று வந்தால் கிளை மட்டும்தான் பயன்பட்டிருக்கிறது, நேர நிபந்தனையில் இன்னும் ஏதோ தவறு என்று அர்த்தம். எக்ஸ்ட்ராவில் யூசிங் ஃபைல்சார்ட் என்று இருந்தால் வரிசைப்படுத்தல் தனியாக நடக்கிறது. 8.0.18-ல் இருந்து எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் இருக்கிறது. அது குவெரியை உண்மையிலேயே ஓட்டி, எந்தப் படியில் எவ்வளவு நேரம் என்று காட்டும். டெஸ்ட் சர்வரில் நூறு பதிவை வைத்து இதைப் பார்க்காதீர்கள். சின்ன டேபிளில் ஆப்டிமைசர் இண்டெக்ஸைத் தொடாமலே போகலாம். உண்மையான அளவு டேட்டா வேண்டும்.

சர்வரைப் பற்றி ஒன்று மட்டும். டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூலின் அளவைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டால் அது 128 எம்பி. 32 ஜிபி ரேம் உள்ள சர்வரிலும் டேட்டாபேஸ் 128 எம்பிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வரில் ரேமில் பாதிக்கு மேல் கொடுக்கலாம்.

புதிய இண்டெக்ஸைப் போடும் நேரத்தில் கவனம் தேவை. இன்னோடிபி இண்டெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதே பில் போடலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் அதற்கு ஒரு கணம் டேபிள் மீது பூட்டு வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் மதியம் மூன்று மணிக்கு நான் இண்டெக்ஸ் போட்டேன். யாரோ ஒருவர் அதே டேபிளில் ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்து (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு அது), கமிட் செய்யாமல், அதாவது முடித்து உறுதி செய்யாமல், சாப்பிடப் போயிருந்தார். என் கட்டளை அவருக்காகக் காத்திருந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பில்லும் என் கட்டளைக்காகக் காத்திருந்தது. கவுண்டரில் வாடிக்கையாளர்கள் நிற்க, மொத்தக் கடையும் நின்றது. அன்று முதல் மூன்றைக் கட்டாயம் செய்கிறேன். நீண்ட டிரான்சாக்ஷன் எதுவும் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பான லாக் வெயிட் டைம்அவுட்டைச் சில விநாடிகளாகக் குறைத்துவிடுவேன், பூட்டு கிடைக்கவில்லை என்றால் என் கட்டளைதான் தோற்க வேண்டும், பில் அல்ல. அல்காரிதம் இன்பிளேஸ், லாக் நன் என்று வெளிப்படையாக எழுதுவேன்; அப்படிச் செய்ய முடியாத மாற்றம் என்றால் டேபிளைப் பூட்டாமல் பிழை காட்டிவிடும். இரவில், கடை மூடிய பிறகு, டிஸ்கில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ்காரர்கள் கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாமல் போட்டால் இண்டெக்ஸ் முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது.

இனி பில் போடுவது மெதுவானது. ஒரு பில் சேரும்போது 11 நோட்டிலும் சரியான இடம் தேடி எழுத வேண்டும். இது இண்டெக்ஸுக்கான விலை, தவிர்க்க முடியாது. வேண்டாததற்கும் விலை கொடுப்பதைத்தான் நிறுத்தலாம். கிளை, நேரம் சேர்ந்த இண்டெக்ஸ் வந்த பிறகு கிளைக்கு மட்டுமான பழைய இண்டெக்ஸ் தேவையில்லை, புதியதே அந்த வேலையையும் செய்யும். நேரத்துக்கு மட்டும் உள்ளதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், எல்லாக் கிளைகளுக்குமான தினசரி ரிப்போர்ட்டுக்கு அது வேண்டியிருக்கும். மற்றவற்றுக்கு, மைஎஸ்கியூஎல் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் சிஸ் ஸ்கீமாவில் பயன்படாத இண்டெக்ஸ்களின் பட்டியல் இருக்கிறது. ஆனால் அது சர்வர் கடைசியாகத் தொடங்கியதில் இருந்துதான் கணக்கு வைக்கும். நேற்று ரீஸ்டார்ட் செய்த சர்வரில் அந்தப் பட்டியலை நம்பக்கூடாது.

எடுக்க நினைப்பதை நேரே டிராப் செய்யாமல் முதலில் இன்விசிபிள் ஆக்குங்கள். குவெரிகள் அதைப் பார்க்காது, ஆனால் அது தொடர்ந்து புதுப்பிக்கப்படும். ஏதாவது ரிப்போர்ட் படுத்துவிட்டால் ஒரே கட்டளையில் திருப்பிக் கொண்டுவரலாம். இன்விசிபிளாக இருக்கும்வரை பில் போடும் வேகம் கூடாது, டிராப் செய்த பிறகுதான் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ரிப்போர்ட்டுகள்தான் இதில் காலை வாரும். ஜிஎஸ்டி கணக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் போகிறது என்றால் அந்த இரண்டு தேதிகளும் தாண்டட்டும், பிறகு டிராப் செய்யுங்கள். நிலைக்கு மட்டும் போட்ட இண்டெக்ஸில் இருந்து தொடங்குங்கள், வாரத்துக்கு ஒன்றாக.