அப்பா ஆகப்போகும் ஆண்களே, பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி உங்கள் ஆசை என்ன?

உங்கள் மனைவிக்கு நாலு, ஐந்து மாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆணா பெண்ணா, யார் ஜாடை, என்ன படிக்க வைப்பது என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது, மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான். என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். எனக்கு ஓடியது மட்டும் கொஞ்சம் வேறு. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுத்தில் என்றால் எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குத் திக்குவாய். அப்பாவுக்கும் அதே. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான்: பிள்ளை திக்காமல் பேச வேண்டும். கை கால் நன்றாக இருக்க வேண்டும் என்பதுகூட அதற்கு அப்புறம்தான் தோன்றியது.

பெண் குழந்தைதான் வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளர்ந்த பிறகும் திக்குகிறவர்களில் ஆண்கள் ஏறக்குறைய நாலு மடங்கு அதிகம். அந்தக் கணக்குதான் காரணம். ஸ்கேன் சென்டர் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று போர்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்து வேண்டினேன். 1994-ல் அந்தச் சட்டம் எதற்கு வந்தது, எங்கள் மதுரைப் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் தெரிந்தவன்தான் நான். அந்தப் போர்டுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவன் பெண் பிள்ளை கேட்பதில் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆறாம் மாதத்தில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எனக்காக இல்லை, பிள்ளைக்காக. குடும்ப வழியாக வர வாய்ப்பு உண்டு, 2010-ல் இதோடு தொடர்புள்ள சில மரபணுக்களையே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை என்றார். நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது சின்ன வயதில், பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், கொஞ்ச காலம் திக்குமாம். அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். இன்னொருவரைப் பார்த்து ஒட்டிக்கொள்வதும் இல்லை, நாக்கில் கோளாறும் இல்லை. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பிள்ளை திக்குனா மெதுவாப் பேசு, மூச்சு இழுத்துட்டுப் பேசுன்னு சொல்லாதீங்க. முகத்தைப் பாத்துக்கிட்டு, அது சொல்லி முடிக்கிற வரைக்கும் கூட இருங்க."

அந்த 'இருங்க' என்ற சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஏனென்றால் என் அப்பா இருக்க மாட்டார்.

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. நான் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டால் எழுந்து போய்விடுவார். தட்டில் பாதிச் சோறு இருக்கும், கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் நிற்பார். மிச்ச வார்த்தையை அம்மாவிடம்தான் சொல்லி முடிப்பேன். அம்மா என்னைச் சிம்மக்கல் பக்கம் பேச்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவார், வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பார். வசம்பை எங்கள் வீட்டில் 'பேர் சொல்லாதது' என்பார்கள், பொழுது சாய்ந்தால் அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம். எனக்கு என் பெயரே அப்படித்தான் இருந்தது. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முப்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தன்னிடமிருந்துதான் இவனுக்கு வந்தது என்பதை உட்கார்ந்து பார்க்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுக்கொள்ள அவர் இல்லை.

எனக்கு 'ப' மிகவும் கஷ்டம். வீடோ பசுமலை. பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால் மூலக்கரை என்று டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி மீதித் தூரத்தை நடந்தே வருவேன். மழையிலும் நடந்திருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது. பேங்க் நம்பருக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே "உங்கள் முழுப் பெயர்?" அந்த ஒன்றைத்தான் என்னால் உடனே சொல்ல முடியாது. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். திரும்ப அழைத்தால் வேறு ஆள், அதே கேள்வி. ஒருவர், சொந்தப் பெயரையே யோசிக்கிறேன் என்று சந்தேகப்பட்டார். பார்வையற்றவர்களுக்காகப் பேசுகிற ஏடிஎம் வைத்தார்கள், நல்ல காரியம். பேச்சு தடைப்படுகிறவன் எழுதிக் கேட்க ஒரு வழி வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால், இதெல்லாம் ஒரு குறையா என்பார்கள். சினிமாவில் நாற்பது வருடமாக எங்களைக் காட்டிச் சிரிக்க வைத்ததால் வந்த நினைப்பு அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலம், மாமியார் வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து சேனை யார் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "பெரியண்ணன் வைக்கட்டும்க்கா, கணீர்னு பேசுவாரு" என்றார் ஒரு சித்தி. அத்தை குரலைத் தாழ்த்தி, "மெல்ல, மாப்ள காதுல விழுகப்போகுது" என்றார். விழுந்தது. ஜமக்காளத்தின் ஒரு முனை என் கையில், இன்னொரு முனை மச்சினன் கையில். இரண்டு பேரும் தலையைத் தூக்காமல் மடித்து முடித்தோம்.

உள்ளேயிருந்து என் மனைவி சத்தமாகச் சொன்னாள்: "யாரும் சேனை வைக்க வேணாம். ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கணும், ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க." சொன்னது சரியான மருத்துவம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் அதைச் சொன்னது எனக்காக.

நான் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். காதுகுத்து, பெயர் சூட்டு விழா அழைப்பிதழ்கள் தினமும் கையில் ஓடும். யாழினி, மகிழன், ஆதிரை என்று அடிக்கும்போதே ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எனக்குச் சிரமமில்லாமல் வருகிறவற்றை ஒரு வேஸ்ட் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். மாமனார் நட்சத்திர எழுத்து பார்ப்பவர். மகத்தில் பிறந்தால் ம, மி, மு என்று வரும், நிம்மதி. இரண்டு நாள் தள்ளி உத்திரமானால் ப, பி வந்துவிடும். காலண்டரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன். மூடநம்பிக்கை என்று திட்ட வருகிறவர்களுக்கு: எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. என் பயம் அந்த எழுத்தில்.

அந்த அட்டை என் மனைவி கையில் கிடைத்துவிட்டது. மேலிருந்து கீழே படித்துவிட்டு, "இதுல ப-வும் இல்ல, க-வும் இல்லையே" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான், நான் என் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நடுவில் யாரையும் எடுத்துக் கொடுக்க விடாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "உங்களுக்கு வராத எழுத்து பிள்ளைக்கு ஏன் ஆகாமப் போகணும்? கூப்பிட நேரமானா ஆகட்டும். உங்க பிள்ளைதானே, நின்னு கேட்டுட்டுப் போகும்."

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அவள் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்த பெயர்களை அன்றைக்குத்தான் சொன்னாள். பிறக்கும் முன் பெயரை வெளியே சொல்வது எங்களுக்குப் பிடிக்காது. இரண்டுமே 'ப'-வில் ஆரம்பிக்கின்றன, அதுவரைதான் சொல்வேன்.

திக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டுகிறேன், அதை மறைக்கவில்லை. இப்படி இருந்துகொண்டு எதற்குப் பிள்ளை என்று கேட்பவர்களும் உண்டு, அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போதைய ஆசை பிள்ளையைவிட என்னைப் பற்றியது. அது ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கிறபோது, என் தட்டில் சோறு ஆறிப்போனாலும் நான் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

பெயர் சூட்டும் அன்று பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாதான் சொல்வது. கிசுகிசுத்தால் எனக்குத் திக்காது. திக்குகிறவர்கள் பலருக்கும் அப்படித்தான், பாடினாலும் நாலு பேரோடு சேர்ந்து சொன்னாலும் தடங்காது. காதோடு சொல்வதுதானே, சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். இரண்டு முறை அப்படிச் சொல்வேன். மூன்றாவதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குரலெடுத்துச் சொல்லப்போகிறேன். அவள் இப்போது தன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதால் ராத்திரியில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று 'ப' வெளியே வர எட்டு நொடி ஆனது.