துபாயா, மியூனிக்கா: இரண்டு சம்பளங்களை ஒப்பிடும் முறை

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். இயந்திரவியல் படித்துவிட்டுக் கப்பலூர் தொழிற்பேட்டையில் மாதம் 42,000 ரூபாய்ச் சம்பளத்தில் பணிபுரியும் தங்கள் மகளுக்குத் துபாயிலிருந்து 9,000 திர்ஹாமுக்கும், ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து 4,500 யூரோவுக்கும் பணி அழைப்புகள் வந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். திர்ஹாமை 24 ரூபாயாகவும் யூரோவை 100 ரூபாயாகவும் வைத்துப் பெருக்கிப் பார்த்த உறவினர்கள், 2,16,000 எங்கே, 4,50,000 எங்கே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பெருக்கலை முதலில் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். மகள் அங்கே வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த ஊரின் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். அந்தப் பகுதியை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. எல்லாச் செலவும் போக மீந்து, ஊருக்கு அனுப்பக்கூடிய தொகை எதுவோ அதற்கு மட்டுமே மாற்று விகிதம் பொருந்தும்.

ஜெர்மனியில் சொல்லப்படும் சம்பளம் பிடித்தத்துக்கு முந்தையது. ஓய்வூதியக் காப்பீடு 18.6 விழுக்காடு, அதில் பாதி ஊழியருடையது. மருத்துவக் காப்பீட்டையும் வேலையிழப்புக் காப்பீட்டையும் இதேபோல் முதலாளியும் ஊழியரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இவற்றோடு வருமான வரியும் சேர்ந்தால், மணமாகாத ஒருவருக்கு 4,500 யூரோவில் ஏறத்தாழ 2,850 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கில் ஒற்றை அறை வீட்டின் வாடகையே 1,000 யூரோவைத் தாண்டுவது வழக்கம் என்பதால் அதற்கு 1,100, வீட்டில் சமைத்துச் சாப்பிட 300, பயணம், தொலைபேசி, மின்சாரம், வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு வீடு வசூலிக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உள்ளிட்ட மற்றவைக்கு 350 என்று வைத்தால் மிச்சம் 1,100 யூரோ, அதாவது 1,10,000 ரூபாய்.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஒரு தனி அறைக்கு 2,500, சாப்பாட்டுக்கு 1,000, பயணத்துக்கும் தொலைபேசிக்கும் 700, இதரச் செலவுக்கு 500 என ஒதுக்கினால் 4,300 திர்ஹாம் மீதமாகும். அது 1,03,200 ரூபாய். இருமடங்கு வித்தியாசம் என்று தோன்றிய இரண்டு வேலைகளும் மாத இறுதியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வாடகையும் சாப்பாடும் நான் போட்ட உத்தேசக் கணக்குகள். நிறுவனம் இருக்கும் பகுதியை விசாரித்து மகளே அவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதே ஜெர்மன் சம்பளம் கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஜெர்மன் நகரில் கிடைத்தால், மியூனிக் வாடகையில் பாதிக்கும் குறைவாகவே வீடு அமையும் என்பதால் மிச்சம் வெகுவாகக் கூடும். ஆகவே நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதைவிட ஊரை ஊரோடு ஒப்பிடுவதே சரியாக இருக்கும்.

இந்த மிச்சத்திலிருந்து இன்னொரு தொகையையும் கழிக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மகள் இப்போது தங்களோடு தங்கியிருப்பதால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இல்லாமல் மாதம் 30,000 ரூபாய் சேமிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெளிநாடு போவதால் அவருக்கு உண்மையில் கூடுவது 70,000 முதல் 80,000 ரூபாய் வரைதான். வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவு போவதற்கு அது போதுமான காரணமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கல்விக் கடனோ நகைக் கடனோ இருந்தால் அதை அடைக்க இத்தொகை பெரிதும் உதவும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

இணையத்தில் நகரங்களை ஒப்பிடும் விலைவாசிக் குறியீடுகளைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அவற்றில் நியூயார்க்கை 100 என வைத்து மற்ற ஊர்களை அளக்கும் நம்பியோ (Numbeo) என்ற இணையதளம், பயன்படுத்துவோர் பதிவிடும் விலைகளைக் கொண்டு இயங்குவது. எந்த ஊர் கூடுதல் செலவு என்று அறிய அது உதவும். உணவகச் செலவைத் தவிர்த்து வீட்டில் சமைத்து, மிச்சம் பிடித்து அனுப்பும் பெண்ணின் மாதச் செலவை அது சொல்லாது.

துபாய் அழைப்பில் 9,000 என்ற மொத்தத் தொகையைவிட, அதற்குள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது முக்கியம். அங்கே வேலையை விட்டு விலகும்போது தரப்படும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் சேரும். அடிப்படை 4,000 என்றால் ஆண்டுக்கு 2,800 திர்ஹாம், 6,000 என்றால் 4,200. ஜெர்மனியில் பிடிக்கப்படுவதும் முழுக்க இழப்பாகிவிடுவதில்லை. மருத்துவச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 முதல் நடைமுறையில் இருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, ஓய்வூதியத் தகுதிக்கு இரு நாட்டுப் பணிக்காலங்களையும் சேர்த்துக் கணக்கிட வழியுண்டு. பின்னாளில் திருமணமாகிக் குழந்தை பிறந்து அங்கேயே குடும்பம் நடத்தினால், அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லாத ஜெர்மனியின் பக்கம் கணக்கு சாயும். துபாயில் நம்மவர் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவது எண்ணமானால் துபாய் எளிது என்பது என் கருத்து.

போய்ச் சேர்ந்ததும் வரும் செலவையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் வீட்டு முன்பணமாக, வெப்பமூட்டும் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. துபாயில் வீடு எடுத்தால் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்னதாகவே கொடுக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் பகிர்ந்துகொள்ளும் அறையில் தங்குவது நல்லது. முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்கும் பணம் அவர் கணக்கில் இருக்க வேண்டும். அதற்காக வட்டிக்கு வாங்கினால் அந்த வட்டியையும் மிச்சத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

கிளம்பும் நாளும் பணத்தைப் பாதிக்கும். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகள் ஒருவர் அந்த நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால், வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே வரிக்கணக்கில் வரும். ஏப்ரல் முதல் இங்கேயே இருப்பவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் 182 நாட்கள் ஆகாது. அக்டோபரில் போனால், வரியில்லா ஊர் என்று நம்பிப் போன துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட நேரும். ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன் தணிக்கையாளர் ஒருவரைப் பாருங்கள்.

இந்த வாரமே மகள் இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதட்டும். அடிப்படைச் சம்பளமும் படிகளும் தனித்தனியே எவ்வளவு, தங்குமிடமும் விமானச் சீட்டும் யார் செலவு, மருத்துவக் காப்பீடு யாருக்கெல்லாம் உண்டு, வேலையை விட்டால் முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். இடையில் முகவர் யாரேனும் இருந்தால், அவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று சரிபாருங்கள். துபாய்ச் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவைப் பணியாளரிடம் வசூலிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தப் பதில்கள் வரும்வரை கப்பலூர் வேலையை விடும் கடிதத்தை அவர் கொடுக்க வேண்டாம்.