விந்து சீக்கிரம் வெளியேறுகிறது. மெடிக்கலில் நேராக மாத்திரை வாங்கிப் போடலாமா?

வேண்டாம். நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால், முதல் உறவிலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா என்று தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது.

ஆரம்பம் முதலே, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், உள்ளே நுழைத்த 1 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அடக்கவும் முடியவில்லை, மனசும் நொந்துபோகிறது என்றால் அது வாழ்நாள் வகை. முன்பு நன்றாக இருந்து, இப்போது 3 நிமிடத்துக்குள் குறைந்திருந்தால் இடையில் வந்த வகை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 தம்பதியர், நுழைத்ததிலிருந்து விந்து வெளியேறும் வரையான நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார்கள். நடுமதிப்பு 5.4 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு. அரை மணி நேரம் என்பதெல்லாம் ஆபாசப் படங்கள் தந்த கணக்கு.

இடையில் வந்ததென்றால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் விறைப்புக் குறைபாடுதான்: தளர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உடல் அவசரப்படும். தைராய்டு அதிகம் சுரப்பது, புரோஸ்டேட் சுரப்பியின் அழற்சி ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுக்குச் சிகிச்சை எடுத்தாலே பலருக்கு நேரம் கூடிவிடும்.

எந்த வகையானாலும் 'நிறுத்தித் தொடங்கும்' பயிற்சியைச் செய்யலாம். முதலில் தனியாக, கையால். உச்சத்தை 10 என்று வைத்தால் 7இல் நிறுத்துங்கள். வேகம் அடங்க அரை நிமிடம் போலப் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். மூன்று முறை நிறுத்தி, நான்காவது முறை விட்டுவிடலாம். பலர் 9இல் நிறுத்துகிறார்கள், அங்கேதான் பயிற்சி தோற்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் அது அனிச்சைச் செயல், யாராலும் தடுக்க முடியாது. மூச்சை அடக்குவதும் தொடையை இறுக்குவதும் இன்னும் சீக்கிரப்படுத்தும். கை பழகியதும் வழுக்கும் ஜெல்லோடு, பிறகு மனைவியின் கையால், கடைசியில் மனைவி மேலிருக்க, அசைவு குறைத்து. சில வாரங்கள் பிடிக்கும்.

மரத்துப்போகச் செய்யும் க்ரீம் (லிக்னோகைன் 2.5%, பிரிலோகைன் 2.5%) என்றால், 20 நிமிடம் முன்பு ஆணுறுப்பின் மொட்டில் மெல்லியதாகத் தடவி, உறவுக்கு முன் கழுவிவிடுங்கள். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். அதிக நேரம் விட்டால் உங்களுக்கு விறைப்பே போய்விடும்.

விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் டபாக்ஸிடின் மாத்திரை என்றால், 30 மி.கி., உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, 24 மணி நேரத்தில் ஒன்றுதான். குமட்டலும் தலைசுற்றலும் வரலாம், சிலர் மயங்கியும் விழுவார்கள். மது கூடவே கூடாது. இதய நோய், ஈரல் நோய் இருப்பவர்களும், மனச்சோர்வு மாத்திரையோ டிரமடால் என்ற வலி மருந்தோ எடுப்பவர்களும் தொடக் கூடாது. இன்னொரு ஆபத்து: கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது ரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும். நேராக வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தினசரி மாத்திரையாக பராக்ஸிடின் என்ற மனச்சோர்வு மருந்தும் தருவார்கள். முழுப் பலன் தெரிய 2, 3 வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு முயன்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், விந்தணுவைப் பாதிக்கலாம்.

லாட்ஜில் முகாம் போடுகிறவர்களின் லேகியத்துக்குப் பணத்தை இறைக்காதீர்கள். ஆண்மை பெருக்கும் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புப் பிரச்சினைகளுக்கான பிரிவு) அல்லது மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், மனைவிக்குச் சம்மதமென்றால் அவரையும் கூட்டிப் போங்கள்.