அமெரிக்கக் கல்லூரிகளில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு அட்மிஷனில் முன்னுரிமை தருவது சரியா?

சரியில்லை. நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். மகளோடு உட்கார்ந்து, பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தை நிரப்பியபோது, அப்பா, அம்மா என்ன பட்டம், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று ஒரு பகுதி வந்தது. "படிக்கப்போறது நான்தானே, உங்க காலேஜ் பேர் எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

ஊரில் என் பெரியப்பா பேத்தி பொறியியல் சேர்ந்தபோதும் பெற்றோரின் படிப்பைக் கேட்டார்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினாள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. வீட்டில் யாரும் பட்டம் வாங்காததால் வந்த சலுகை அது. இங்கும் அந்தக் கேள்வி முதல் தலைமுறை மாணவர்களை அடையாளம் காண உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பட்டம் உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதுமே. கல்லூரியின் பெயர் லெகஸிக்கு, அதாவது இந்த முன்னாள் மாணவர் பிள்ளை என்ற முன்னுரிமைக்குத்தான் தேவைப்படுகிறது.

இது தொடங்கிய கதையும் நல்லதில்லை. 1920களில் நுழைவுத் தேர்வில் தேறி யூத மாணவர்கள் நிறைய பேர் வர ஆரம்பித்தார்கள். அதைக் கட்டுப்படுத்த யேல் போன்ற கல்லூரிகள் மதிப்பெண்ணைத் தாண்டி 'குணநலன்', குடும்பம் என்று பார்க்கத் தொடங்கின. நூறு வருடம் கழித்தும் பலன் அப்படியேதான் இருக்கிறது. ஹார்வர்டின் அட்மிஷன் முறை மீதான வழக்கில் வெளிவந்த கணக்குப்படி லெகஸி விண்ணப்பதாரர்களில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான்.

நிறுத்தினால் நன்கொடை குறையும் என்பார்கள். எம்.ஐ.டி. லெகஸி பார்ப்பதே இல்லை, அதற்கு நன்கொடை வராமலா போய்விட்டது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014-இல் கைவிட்டது. 2009-இல் அங்கே சேர்ந்தவர்களில் 12.5 சதவீதமாக இருந்த லெகஸி மாணவர்கள் 2019-இல் 3.5 சதவீதம் ஆனார்கள். அதே காலத்தில், அரசின் பெல் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள ஏழை மாணவர்களின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காலியான இடங்கள் யாருக்குப் போயின என்பது இதிலேயே தெரிகிறது.

2024-இல் கலிஃபோர்னியா தனியார் கல்லூரிகளிலும் லெகஸி கூடாது என்று தடைச் சட்டம் போட்டது. அங்குள்ள ஸ்டான்ஃபோர்ட், மாநில அரசின் உதவித்தொகைத் திட்டத்தை விட்டு விலகினாலும் விலகுவோம், லெகஸியை விடமாட்டோம் என்று முடிவெடுத்தது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு அதைவிட வருத்தம் நம்மவர்கள் பேச்சில்தான். "இப்பதான் நம்ம பசங்களுக்கும் லெகஸி கிடைக்க ஆரம்பிக்குது, இப்ப போய் எடுக்கணுமா?" என்று தீபாவளி விருந்தில் ஒரு நண்பர் கேட்டார். ஹார்வர்டில் இளங்கலை படித்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கணக்கு, எம்.எஸ். படிக்க வந்த நம்மில் பெரும்பாலோர் அதில் வரமாட்டோம். சரி, நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வெளியே நிற்கப்போவது என் பெரியப்பா பேத்தியைப் போல, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்க வந்த ஒரு பிள்ளை. அந்த நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்.