டிஸ்னிலேண்ட் பாரிஸ்: எது போனது, எது வந்தது, எது நிற்க வேண்டும்? ரெயூனியன் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்னிலேண்ட் பாரிஸ் கேளிக்கைப் பூங்கா 1992 ஏப்ரல் 12 அன்று திறந்தது. 30ஆம் ஆண்டு விழாவை 2022 மார்ச் 6 அன்று தொடங்கி 2023 செப்டம்பர் முடியும் வரை நடத்தினார்கள். 2027இல் 35 நிறைகிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் ரெயூனியன் தீவிலிருந்து லீவுக்குப் பிரான்ஸ் போகிற குடும்பங்கள் பல அங்கே ஒரு நாளாவது போகாமல் திரும்புவதில்லை. திரும்பி வந்ததும் "அது எங்கே, இது ஏன் மாறியது" என்று என்னைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

சேன்-தெனியிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, 30ஆம் ஆண்டு விழா நடந்தபோது போனோம். எங்கே பார்த்தாலும் அலங்காரம்தான். உருப்படியாக என்ன செய்தார்கள்?

அலங்காரம் நிறையத்தான் இருந்தது தங்கச்சி. கோட்டைக்கு முன்னால் இருக்கும் தோட்டத்தில் 30 சிற்பங்கள், தினமும் ஒரு ஆட்டம் பாட்டம், இரவில் ட்ரோன்கள் கோட்டைக்கு மேல் 30 என்று எழுதிக் காட்டியது. இதெல்லாம் விழாவோடு வந்து விழாவோடு போயின.

ஆனால் விழாவுக்கு முந்திய வருடம் கோட்டையை முழுக்கத் திரையிட்டு மூடி, பல மாதம் பழுதுபார்த்தார்கள். கூரை, கோபுரம், வர்ணம் எல்லாம் புதிதாயின. எனக்கு அதுதான் அந்த விழாவின் உண்மையான பரிசு. மற்ற டிஸ்னி பூங்காக் கோட்டைகளைவிட இது வேறு மாதிரி. மோன்-சேன்-மிஷேல் மலைக்கோயிலையும் பழைய பிரெஞ்சு ஓவியங்களையும் மனதில் வைத்துக் கட்டியது. ஐரோப்பாவில் நிஜக் கோட்டைகள் ஏராளம் இருக்க, இங்கே கதைக்கோட்டை கட்டுவதென்றால் அது கனவிலிருந்து வந்ததுபோல இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். பலர் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே ஏறினால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன, கீழே குகையில் ஒரு டிராகன் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. வரிசை பெரிதாக இருக்காது. இரண்டையும் பார்க்காமல் வராதீர்கள்.

சேன்-பியேரிலிருந்து ஒரு அக்கா: என் வீட்டுக்காரர் சின்ன வயதில் ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரில் பீரங்கியிலிருந்து நிலவுக்குப் போனதைச் சொல்லிச் சொல்லி எங்களைக் கூட்டிப்போனார். உள்ளே போனால் ஸ்டார் வார்ஸ். அவர் முகமே வாடிவிட்டது. ஏன் தம்பி மாற்றினார்கள்?

அக்கா, இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் இதே வருத்தம் உண்டு.

பூங்கா 1992இல் திறந்தபோது அதன் பெயர் யூரோ டிஸ்னி. கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை, கடன் ஏறியது. 1995 ஜூன் மாதம் ஸ்பேஸ் மவுண்டன் திறந்தது, அந்த நிதியாண்டில்தான் பூங்கா முதன்முதலாக லாபம் பார்த்தது. லாபத்துக்கு அது ஒன்றே காரணமில்லை, நுழைவுக் கட்டணத்தையும் அப்போதுதான் குறைத்தார்கள். ஆனாலும் மக்களை இழுத்ததில் அந்த ரைடுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது அமெரிக்காவில் இருந்ததன் நகல் இல்லை. பூங்காவின் அந்தப் பகுதிக்கு டிஸ்கவரிலேண்ட் என்று பெயர். எதிர்காலத்தை வெள்ளை பிளாஸ்டிக்கும் ராக்கெட்டுமாகக் காட்டாமல், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் போன்ற 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் எப்படிக் கனவு கண்டிருப்பார்களோ அப்படிக் காட்டினார்கள்: பித்தளை, செம்பு, பெரிய திருகாணிகள், ஆகாயக் கப்பல். ஸ்பேஸ் மவுண்டனில் மலைமேல் சாய்ந்து நிற்கும் பீரங்கி, வெர்ன் தன் நிலவுப் பயணக் கதையில் எழுதிய கொலம்பியாட். ரயிலை அதற்குள்ளிருந்து சுட்டு அனுப்புவார்கள். மூன்று முறை தலைகீழாகப் புரளும். இருக்கையிலேயே ஒலிபெருக்கி, ஓட்டத்தோடு சேர்ந்து போகும் இசை. பக்கத்திலேயே வட்டத் திரை அரங்கு ஒன்று இருந்தது. அங்கே வெர்னே காலப்பயணம் செய்து வருவார். இன்னொரு பக்கம் 1994இல் வந்த, வெர்ன் கதையின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல். எல்லாம் சேர்ந்து ஒரே கதை பேசின.

பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தது. வட்டத் திரை அரங்கை 2004இல் மூடினார்கள், 2006இல் அங்கே பஸ் லைட்இயர் துப்பாக்கி விளையாட்டு வந்தது. 2005இல் ஸ்பேஸ் மவுண்டன் 'மிஷன் 2' ஆகி நிலவுக் கதை போனது. 2017இல், 25ஆம் ஆண்டு விழாவின்போது, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் ஆனது. தண்டவாளம் அதேதான், பீரங்கியும் நிற்கிறது. தோள்பட்டையை இறுக்கும் பழைய கம்பி போய் மென்மையான பிடிப்பு வந்ததால் தலை முட்டுவது குறைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சில அடி தள்ளி ஸ்டார் டூர்ஸ் என்று ஸ்டார் வார்ஸுக்கே ஒரு ரைடு 1992 முதல் இருக்கிறது. அதையும் அதே 2017இல்தான் புதுப்பித்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு ரைடு எதற்கு?

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நிலவுக் கதையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ரசிகர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள். 35க்கு ஒரே ஒரு பரிசு கேள் என்று என்னிடம் சொன்னால் நானும் அதைத்தான் கேட்பேன். அதுவரை நாட்டிலஸுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். வெர்ன் அங்கே இன்னும் இருக்கிறார்.

லெ போரிலிருந்து ஒரு மாமா: நீங்கள் எப்போதும் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு மார்வெல்தான் உயிர். மாறினால் என்ன தப்பு?

மாறுவது தப்பே இல்லை மாமா. நம் கோயிலில் குடமுழுக்கு வந்தால் கோபுரத்துக்குப் புது வர்ணம் அடிக்கிறோம், தளம் போடுகிறோம், மூலவரை மாற்றுவதில்லை. அந்தக் கணக்குத்தான் என் கணக்கு.

ஃபான்டம் மேனரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் மூடி, ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்து, 2019 மே மாதம் திறந்தார்கள். பேய்வீட்டு மணப்பெண்ணின் கதை அப்படியே இருக்கிறது. சில காட்சிகள் தெளிவாயின, பொம்மைகளின் அசைவு மேம்பட்டது. ஆரம்பத்தில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் பேசிய ஆங்கிலக் குரலைத் திறந்த கொஞ்ச காலத்திலேயே எடுத்துவிட்டிருந்தார்கள், அதில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்தார்கள். பழைய ரசிகரும் புதுக் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்து ரசிக்கலாம். பிக் தண்டர் மவுண்டனுக்கும் 25ஆம் ஆண்டுக்கு முன்னால் இதே மாதிரி பெரிய வேலை நடந்தது. ஏரி நடுவில் தீவு, தண்ணீருக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் போய் வருவது, எதுவும் குறையவில்லை.

மார்வெல் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. மார்வெல் நாயகர்களுக்கான அவெஞ்சர்ஸ் கேம்பஸ் 2022 ஜூலை 20 அன்று, அதே வளாகத்தில் பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது பூங்காவில் வந்தது. அங்கே முன்பு இருந்த ராக் அண்ட் ரோல் கோஸ்டரை 2019இல் மூடினார்கள். அதே தண்டவாளத்தில்தான் இப்போது அயர்ன் மேன் உங்களை அனுப்புகிறார். ராக் இசை தாளத்துக்கு ஓடிய வேகம் எனக்கு அதிகம் பிடிக்கும், ஆனால் அங்கே உடைந்துபோக ஒரு பெரிய கதை இல்லை. பேரப்பிள்ளைகள் ஸ்பைடர்மேன் ரைடில் கையை வீசி வலை எறிந்து சந்தோஷமாக இருக்கட்டும். வெர்னின் இடத்தில் வந்து உட்காராதவரை எனக்குச் சண்டை இல்லை.

சேன்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு அம்மா: எந்த மாதம் போவது நல்லது? ஸ்கூல் லீவை விட்டால் எங்களுக்கு வழியில்லை.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு டிசம்பரிலிருந்து ஜனவரி கடைசி வரை. பிரான்ஸில் ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால் ஜனவரி இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், அதிலும் செவ்வாய், வியாழன் போன்ற நாட்களில் பூங்கா நன்றாகவே காலியாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் லீவில் போனால் ஐரோப்பாவே உங்களோடு வரிசையில் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. பெரிய ரைடுகளைப் பழுதுபார்க்க மூடுவதும் அந்தக் குளிர்காலத்தில்தான். டிக்கெட் வாங்குமுன் மூடும் பட்டியலைப் பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள், பிள்ளை ஆசைப்பட்டது மூடியிருந்தால் அழுகை நமக்குத்தான். அடுத்தது குளிர். லெ தம்போன் மேட்டுக் குளிர் பழகியவர்களுக்கே கஷ்டமாக இருக்கும், கரையோரக்காரர்கள் கையுறை, தொப்பி, கனமான சாக்ஸ் இல்லாமல் போகாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், அதனால் கோட்டையின் விளக்குகளைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே தெஜெவெ என்கிற அதிவேக ரயிலில் பத்து நிமிடப் பயணம், பூங்கா வாசலிலேயே நிற்கும். ஓர்லியில் இறங்கினால் பெட்டிகளோடு ரயில் மாறிப்போவது சிரமம், பஸ்ஸோ டாக்ஸியோ பாருங்கள். பதினோரு மணி நேரம் பறந்துவிட்டு அன்றைக்கே பூங்காவுக்குள் நுழையாதீர்கள்.

சேன்-லூயியிலிருந்து ஒரு தம்பி: என் பையன் 1 மீட்டர் 10. எதில் ஏற விடுவார்கள்?

பிக் தண்டர், ஸ்டார் டூர்ஸ், டவர் ஆஃப் டெரர் மூன்றுக்கும் 1.02 மீட்டர் போதும். க்ரஷ் கோஸ்டருக்கு 1.07. ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கும் அவெஞ்சர்ஸ் கோஸ்டருக்கும் 1.20 வேண்டும், இந்தியானா ஜோன்ஸுக்கு 1.40. வாசலில் அளந்துதான் விடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. டவரில் லிஃப்ட் திடீரென்று கீழே விழும், ஏற்றுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசி, அது பையனின் உயரத்தைவிட மனசைப் பொறுத்தது.

சேன்-போலிலிருந்து ஒரு அக்கா: தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் சமயத்தில் பயணம் அமைந்துவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பூங்காவுக்குள் மரக்கறி உணவு கிடைக்கும், ஆனால் விரதத்துக்கு வேண்டிய சுத்தத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய். முடிந்தால் கொடியேற்றத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள் அக்கா, அதுதான் மனதுக்கு நிம்மதி. முடியாவிட்டால் சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள். ஒரு ஸ்டேஷன் தள்ளி வால் த'யூரோப்பில் பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, பருப்பும் காய்கறியும் வாங்கி நீங்களே சமைக்கலாம். பாரிஸுக்குள் போகிற நாளில் லா ஷப்பல் பக்கம் போங்கள். ஈழத்துத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு.

சேன்-தெனியிலிருந்து ஒரு மாணவர்: இரண்டாவது பூங்காவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாமா?

2002 மார்ச் 16 அன்று அது திறந்தபோது பார்த்தவர்கள் அரை நாளில் வெளியே வந்துவிட்டார்கள். சினிமா ஸ்டூடியோ என்று பெயர், பார்க்கக் கொஞ்சம்தான் இருந்தது. 2018இல் 200 கோடி யூரோ செலவில் விரிவாக்கம் என்று அறிவித்தார்கள். 2024இல், பூங்காவின் பெயரே டிஸ்னி அட்வெஞ்சர் வேர்ல்ட் என்று மாறும் என்றார்கள். ஏரி, அதன் கரையில் ஃப்ரோசன் படத்தின் உலகம் என்பது அப்போதைய திட்டம். இங்கே மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், அந்தப் பூங்காவுக்கு முதலில் ஒரு உருவமே இல்லை. ஆனாலும் சினேமஜீக் காட்சியை 2017இல் நிறுத்தியதை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவர் திரைக்குள் நுழைந்து படம் படமாகத் தாண்டிப் போவார். அந்தப் பூங்காவில் செய்ததிலேயே சிறந்தது அதுதான். ஒரு நாள் ஒதுக்கு தம்பி, ஆனால் மொத்தமே இரண்டு நாள்தான் என்றால் முதல் பூங்காவுக்கு ஒன்றரை நாள் கொடு.

சிலாவோஸிலிருந்து ஒரு அண்ணி: மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அவரைக் கூட்டிப்போவதில் பிரயோஜனம் உண்டா?

கட்டாயம் கூட்டிப்போங்கள் அண்ணி. பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது, ஃபிரன்டியர்லேண்ட் பகுதியில் துடுப்புச் சக்கரக் கப்பல் ஓடுகிறது. இரண்டிலும் உட்கார்ந்தபடியே பாதிப் பூங்காவைப் பார்த்துவிடலாம். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் ஏறுவது அவருக்குக் கஷ்டம் இருக்காது. நாட்டிலஸில் சுழல் படிக்கட்டு, அதைத் தவிருங்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதை உண்டு. மழை வந்தால் எல்லாரும் நடுத்தெருவில் நனைந்துகொண்டு ஓடுவார்கள், நீங்கள் அவரை அந்த வழியாக நிதானமாக அழைத்துப் போங்கள். சக்கர நாற்காலி வாசல் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், காலையிலேயே எடுத்துவிடுங்கள்.