குளத்தை இரவில் கலக்குவது யார்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி: முத்தையன்கட்டுக் குளத்தில் பின்னேரம் இறங்கினால் நெஞ்சடியில் வெதுவெதுப்பு, கால் குளிர்கிறது. விடியப் போனால் மேலும் கீழும் ஒரே சூடு. காற்றுக்கூட இல்லை. இரவில் யார், மாஸ்டர், வந்து கலக்குகிறார்கள்?

இரவேதான் தங்கச்சி. பகல் வெயில் மேல்தண்ணீரைத்தான் சூடாக்கும். மாரிக்குப் பிறகு எங்கள் குளங்கள் மண் கரைந்து கலங்கிக் கிடப்பதால் வெயில் இன்னும் ஆழம் குறைவாகவே இறங்கும். சூடான தண்ணீர் எடை குறைந்தது, மேலேயே மிதந்து நிற்கும். பொழுது பட்டதும் கதை மாறுகிறது. மேல்பரப்பு ஆவியாகியும், வானத்துக்குச் சூட்டை விட்டும் குளிர்கிறது. குளிர்ந்தது கனத்துக் கீழே போக, கீழே இருந்தது மேலே வருகிறது. இது விடியும்வரை நடக்கும். ஆளளவுத் தண்ணீருக்கு ஓர் இரவு போதும். கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு நிரம்பினால் 36 அடி. அங்கே கட்டோரத்து ஆழம் ஒரே இரவில் அடிவரை கலக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆழம் குறைந்த அலைகரைப் பக்கம் கலந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் ஏரி வருடத்துக்கு இரண்டு தரம், வசந்தத்திலும் இலையுதிர்விலும் புரளும் என்று இருக்கும். அது பனி உறையும் நாட்டுக் கதை. யன்னலுக்கு வெளியே குளக்கட்டுத் தெரிய, நாங்கள் கரும்பலகையில் கனடா ஏரியைக் கீறிப் படிப்பித்தோம்! அடிக்கடி கலக்கும் ஏரிகளை 1956இலேயே ஏரி ஆராய்ச்சியாளர்களான ஹட்சின்சனும் லோஃப்லரும் தனி வகையாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் ஆழமற்ற குளங்கள் அந்த வகைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 4 பாகை செல்சியஸ் தண்ணீர் 5 பாகைக்கு ஏறினால் ஒரு கனமீற்றரில் 8 கிராம் அளவுதான் எடை குறையும். 29இலிருந்து 30க்கு ஏறினால் ஏறக்குறைய 300 கிராம். அதனால்தான் எங்கள் வெக்கையில் ஒன்றிரண்டு பாகை வித்தியாசமே குளத்துக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. காலில் குளிர் தெரிவது உங்கள் பிரமை இல்லை.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இரணைமடுக் கட்டு குளத்தின் வடக்கில் இருக்கிறது. அந்தக் காற்று மேல்தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளும், தள்ளியது அடியால் திரும்பும். கட்டின் உட்பக்கத்தில் கல் பதித்திருப்பது இந்த அலைக்காகத்தான்.

வவுனிக்குளத்துக் கமக்காரர் ஒருவர்: சித்திரையில் சிறுபோகத்துக்குத் துருசு (குளத்து மதகு) திறந்தபோது முதல் தண்ணீரில் அழுகிய முட்டை மணம். யாராவது மருந்து ஊற்றியிருப்பார்களா?

மருந்து அப்படி மணக்காது அண்ணை. சித்திரை, காற்று ஓய்ந்த காலம். இரவும் புழுக்கமாக, முகில் மூடி இருந்தால் மேல்தண்ணீர் போதியளவு குளிராது, கலப்பு அடிவரை போகாது. அடியில் இலையும் தாமரைத் தண்டும் அழுகி ஒட்சிசனைத் தின்று முடித்துவிடும். பிறகு வருவது ஐதரசன் சல்பைட்டு. துருசு எடுப்பது அடித்தண்ணீரை, அதனால் முதலில் மணப்பது உங்கள் வாய்க்கால். ஓடிக் காற்றுப் பட மணம் குறையும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: இடி மழைக்கு மறுநாள் விடிய, திலாப்பியா எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கிறதே?

மேலே சொன்ன அதே அடித்தண்ணீர்தான். புயல்காற்றும் குளிர்மழையும் அதை ஒரேயடியாக மேலே புரட்டிவிட்டால் குளம் முழுக்க ஒட்சிசன் தட்டுப்பாடு. இரவில் பாசியும் ஒட்சிசன் தராது, எடுக்கத்தான் செய்யும். வெயில் ஏறினால் பெரும்பாலும் சரியாகும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன் அது, லேசில் சாகாது.

கறிக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர். உயிரோடு பிடித்தால் எடும். செத்து மிதப்பது வேண்டாம், அது எப்போது செத்ததென்று யாருக்குத் தெரியும்?